திணையும் பாலும்: பாலின அடையாளக் கொள்கை பற்றிய ஒரு சொல்லாராய்ச்சி

1. ஆராயும் பொருள்

பாலின அடையாளம் பற்றிய வழக்கு இன்று மன்றத்திலும் ஏட்டிலும் மேடையிலும் ஓயாது நிகழ்கின்றது. பிறப்பின்போது தமக்கு எழுதப்பட்ட பாலை ஒருவர் பின்னர் மறுத்தல் கூடுமா? கூடுமெனின் அதனை உறுதி செய்வார் யார்? உறுதி செய்தபின் அரசு அவர்க்குத் தரக்கடவது யாது? இம்மூன்று வினாக்களும் அவ்வழக்கிற் கலந்து கிடக்கின்றன. சட்டம் வல்லாரும் மருத்துவம் வல்லாரும் இவற்றை ஆராய்ந்து வருகின்றனர். தமிழ் பயில்வார்க்கு ஈண்டு யாது தொழில் என வினவுவாரும் உளர்.

தொழில் உண்டு என்பது எம் கருத்து. இவ்வழக்கின் பெரும்பகுதி சொற்பொருள் பற்றியது. 'பெண்' என்பது யாரைச் சுட்டும், 'மணமகள்' என்பது யாரைத் தழுவும், 'மூன்றாம் பாலினம்' என்பது பெயரா ஒதுக்கா என்பன சொல்லதிகாரம் கற்றார் விலகி நிற்கத்தக்க வினாக்கள் அல்ல. அன்றியும், இம்மக்களைக் குறித்து விதி வகுத்த இலக்கண நூல்களை நாம் ஆண்டுதோறும் வகுப்பிற் பாடஞ் சொல்லி வருகிறோம். அவ்விதிகளுள் ஒன்று அவர்களை அஃறிணைபோல வழங்கவும் இடந்தருகின்றது. கேட்டிருக்கும் மாணவருள் அவ்விதி சுட்டும் ஒருவரும் இருத்தல் கூடும். ஆதலின் இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று.

2. இலக்கணிகள் கண்டது

தொல்காப்பியர் உலகத்துப் பொருள்களை முதற்கண் இரு திணையாகப் பகுத்தார். அதன் பின்னரே உயர்திணையை ஆண், பெண், பலர் எனப் பால் பகுத்தார். இம்முறைவைப்பு கருதத்தக்கது. ஒன்று உயர்திணையா அன்றா என்பது முதல் வினா. எப்பால் என்பது அதன்பின் எழும் வினா. உயர்திணைக்கு அவர் கூறும் இலக்கணம் மக்கட்சுட்டு. மக்கள் என்னும் கருத்து எதன்கண் நிகழுமோ அஃது உயர்திணை என்பது அதன் கருத்து. உடலுறுப்பின் அளவையை அவர் ஈண்டு ஓதவில்லை.

இவ்வாறு திணையும் பாலும் வகுத்தவுடன் அவர் எடுத்துக்கொண்டது, ஆண்மை திரிந்து பெண்மை நோக்கியோரைச் சுட்டும் பெயர் (கிளவியாக்கம் 4). அப்பெயரைத் தெய்வப் பெயரோடு ஒருங்கு வைத்து, இவற்றிற்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைப் பால் ஈறுகளையே கொண்டு முடியும் என விதித்தார். பின்னர், அப்பெயர் ஆண்பால் ஈற்றோடு முடிதல் பொருந்தாது என விலக்கினார் (கிளவியாக்கம் 12). இவ்விரு நூற்பாவாலும் பெறப்படுவன இரண்டு. இவர்கள் மக்களே என்பது ஒன்று; பிறந்த பால் பற்றி ஆண்பால் ஈறு கொடுத்தல் வழு என்பது மற்றொன்று. ஆயின் பெண்மை திரிந்து ஆண்மை நோக்கியோர் இந்நூற்பாக்களில் வெளிப்பட ஓதப்படவில்லை.

அக்குறையை நிரப்பியவர் பவணந்தியார். பெண்மை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால் எனவும், ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவும் பேடு பெண்பால் எனவும் அவர் இரு திசையும் கொண்டார் (நன்னூல் 264). ஈண்டு 'அவாவுதல்' என்னும் சொல்லாட்சி பெரிதும் எண்ணத்தக்கது. தொல்காப்பியர் 'திரிதல்' என்றார். அது புறத்தே நின்று காண்பார்க்குத் தோன்றும் மாற்றத்தைச் சுட்டும். 'அவாவுதல்' அகத்தே நிகழும் வேட்கையைச் சுட்டும். எனவே, விட்ட பாலால் அன்றி அவாவிய பாலால் ஈறு கொடுக்க வேண்டும் என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தமிழ் இலக்கணத்தில் விதியாக எழுதப்பட்டுவிட்டது.

ஆயினும் அதே நூற்பா, இவ்விருவகையாரும் அஃறிணை போலவும் வழங்கப்படுவர் என முடிகின்றது. இது பவணந்தியார் புதிதாகப் புகுத்தியது என்பார் உளர். அஃது அத்துணைப் பொருந்துமாறில்லை. குடிமை, ஆண்மை, இளமை எனத் தொடங்கும் கிளவியாக்க நூற்பாவில், பொருளால் உயர்திணையாயினும் சொல்லால் அஃறிணை முடிபு கொள்ளும் பெயர்களைத் தொகுத்த தொல்காப்பியர், 'தன்மை திரிபெயர்' என்பதனையும் உடன் ஓதினார். அதற்கு 'அலி' என்பதனை உரையில் எடுத்துக்காட்டுவர். ஆனால் அந்நூற்பாவில் உடன் நிற்கும் பெயர்களை நோக்குக. அரசு, விருந்து, மகவு, குழவி என்பன அவற்றுட் சில. 'அரசு வந்தது' என்றால் அரசன் மக்களின் நீங்கினான் என்பது பொருளன்று. 'குழவி அழுதது' என்றால் குழவியை இழித்தவாறும் அன்று. அவை சொல்நிலை பற்றிய முடிபு மட்டுமே. பொருள் உயர்திணைக்கண் நிற்பதனைத் தொல்காப்பியர் அந்நூற்பாவிலேயே தெளிவுறுத்தினார். நன்னூல் விதியையும் இவ்வாறே கொள்ளுதல் தகும். 'அவாவுவ' என்னும் பலவின்பால் வடிவம் அந்நூற்பாவில் வருதலும் பெயர்களை நோக்கிய வழக்கே எனலாம். அதனைக்கொண்டு மக்களை இழித்தார் ஆசிரியர் என முடிவு கட்டுதல் மிகையாகும்.

எனினும் விதியின் நோக்கம் வேறு, அதன் பயன் வேறு. தெருவிற் செல்லும் ஒருவரைச் சுட்டி 'அது வருகிறது' என்பார்க்கு அரசு, விருந்து என்னும் சொல்நிலை நினைவில் இல்லை. அவர் மறுப்பது பாலை அன்று, திணையை.

3. இலக்கியச் சான்றும் இருவகை மிகையும்

இப்பொருள் பற்றி மேடையில் இலக்கியத்தைக் காட்டுவோர் இருதிறத்தர். பழந்தமிழர் இம்மக்களை என்றும் போற்றினர் என்பார் ஒருதிறத்தர். பாலின அடையாளம் என்பதே அயல்நாட்டுச் சரக்கு என்பார் மற்றொருதிறத்தர். சான்றுகள் இவ்விருவர்க்கும் துணைநில்லா.

சிலப்பதிகாரம் மாதவி ஆடிய பதினோராடலுள் பேடு என்பதனையும் கூறுகின்றது. சோ நகரிற் சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்கக் காமன் ஆடியது அஃது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் பேடிக்கோலத்து ஆடலைப் புகார் மக்கள் சூழ்ந்து நின்று காண்கின்றனர். கலையில் இடம் இருந்தது என்பதற்கு இவை சான்று. ஆயின் காணப்படும் பொருளாக இடம் பெறுதல் மதிக்கப்படும் மாந்தராக இடம் பெறுதல் ஆகாது. திருக்குறள் இரண்டிடத்தில் (614, 727) பேடி கைப்பட்ட வாளை உவமையாக்குகின்றது. ஒன்று முயற்சியில்லாதவன் செய்யும் உதவிக்கும், மற்றொன்று அவையஞ்சுவான் கற்ற நூலுக்கும் உவமை. இரண்டிலும் அச்சொல் வீரமின்மைக்கு நின்றது. நூலின் பெருமை கருதி இதனை மறைத்தல் ஆராய்ச்சி நெறியன்று.

எனவே போற்றினர் என்பதும் முற்றும் மெய்யன்று. அறியாதிருந்தனர் என்பதும் மெய்யன்று. அறிந்தனர், பெயரிட்டனர், இலக்கண விதி வகுத்தனர், ஆடல் கண்டனர், உவமையில் இழித்தனர். இவ்வளவே சான்று தருவது. இற்றை நாட்கொள்கையைப் பழம்பெருமையின்மேல் நிறுத்துவோர், அப்பெருமை ஒரு குறளால் ஆட்டங்காணும் என்பதனை உணர்தல் வேண்டும். உரிமைக்கு அடிப்படை மக்கட்சுட்டே, தொன்மை அன்று.

4. பெயர்கள் வந்த வழி

பேடி, அலி என்னும் பழம்பெயர்கள் காலப்போக்கில் வசையாயின. ஒன்பது என்னும் எண்ணுப்பெயரும் அவ்வாறே வசையாயிற்று. கூவாகத்துக் கூத்தாண்டவர் விழாவில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் வழக்குப் பற்றி 'அரவாணி' என்னும் பெயர் பரவியது. 2008 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு நல வாரியம் அமைத்தபோது அப்பெயரே வாரியத்திற்கு இடப்பட்டது. பின்னர் 'திருநங்கை' என்பதும், அதனோடு ஒத்த 'திருநம்பி' என்பதும், இருவர்க்கும் பொதுவான 'திருநர்' என்பதும் வழக்கில் ஊன்றின.

இவ்வரிசையைச் சொல்லாராய்ச்சியாளர் நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பேடி, அலி என்பன குறையைச் சுட்டுவனவாகக் கொள்ளப்பட்டன. அரவாணி சடங்கைச் சுட்டுவது. அச்சடங்கில் நம்பிக்கை இல்லார்க்கும் பிற சமயத்தார்க்கும் அது பொருந்தாது. நங்கை மகளிருட் சிறந்தாளையும் நம்பி ஆடவருட் சிறந்தானையும் குறிக்கும் பழஞ்சொற்கள். எனவே திருநங்கை, திருநம்பி என்பன நன்னூலார் வகுத்த இரு திசையையும் அவர் கொடுத்த பாலோடு அவ்வாறே ஏற்று, அவர் விட்டுவைத்த அஃறிணை வழக்கை மட்டும் களைந்தன. நூற்பாவைத் திருத்தியது மக்கள் வழக்கு.

'மூன்றாம் பாலினம்' என்னும் தொடர் இதனின் வேறுபட்டது. பெண்ணென்று தம்மை உணர்வாரையும், ஆணென்று உணர்வாரையும், இரண்டும் அல்லேம் என்பாரையும் அஃது ஓரெண்ணுக்குள் அடக்கும். இரண்டும் அல்லேம் என்பார்க்கு அது பொருந்தலாம். ஏனையோர்க்கு அது தாம் அவாவிய பாலை மறுத்து வேறிடம் காட்டுவதாகும். ஒரே தொடர் ஒருவர்க்கு ஏற்பும் மற்றொருவர்க்கு விலக்கும் ஆதலை அதனை வழங்குவோர் எண்ணுதல் வேண்டும்.

ஈண்டுத் தமிழின் ஒரு வளமும் குறிக்கத்தக்கது. 'ஒருவர்' என்னும் பெயர் இருபாற்கும் உரியது எனத் தொல்காப்பியர் ஓதினார். 'அவர்' என்னும் உயர்வுப் பன்மையும் பால் காட்டாது மதிப்புக் காட்டும். படர்க்கைப் பெயரில் ஒருமைப் பால் காட்டியே தீரவேண்டிய மொழியினர் இன்று புதுவழக்குத் தேடி இடர்ப்படுகின்றனர். நமக்கு அவ்விடர் சிறிது. பால் அறியாவிடத்து 'அவர்' என்றால் திணையும் காக்கப்படும், பாலும் பிழைபடாது.

5. மன்றத்தில் திணையும் பாலும்

2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. நீதியரசர்கள் கே. எஸ். இராதாகிருட்டிணனும் ஏ. கே. சிக்ரியும் கூறியவற்றுள் இரண்டு நமக்கு வேண்டுவன. அரசியலமைப்பின் 14, 15, 16, 19, 21 ஆம் உறுப்புகள் தரும் உரிமைகள் இம்மக்கட்கும் உரியன என்பது ஒன்று. ஆண், பெண், மூன்றாம் பாலினம் ஆகியவற்றுள் தமக்குரியதனைத் தாமே துணியும் உரிமை அவர்கட்கு உண்டு, அதற்கு அறுவை மருத்துவத்தை முன்நிபந்தனையாக்குதல் சட்டத்திற்கு ஒவ்வாது என்பது மற்றொன்று. முன்னது திணை பற்றிய தீர்வு. பின்னது பால் பற்றிய தீர்வு. முன்னது மக்கட்சுட்டு, பின்னது அவாவுதல்.

2019 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இவ்விரண்டும் மீண்டும் பிணக்குற்றன. இயற்றப்பெற்ற வடிவில் அச்சட்டத்தின் 4 ஆம் பிரிவு, தாமே உணர்ந்த பாலின அடையாளத்திற்கு உரிமை உண்டு என்றது. அதனை அடுத்த பிரிவுகள், மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் பெறுக என்றன. ஆண் அல்லது பெண் எனக் குறிக்கப்படுதற்கு அறுவைக்குப் பின் மருத்துவச் சான்றும் வேண்டும் என 7 ஆம் பிரிவு விதித்தது. ஒரு பிரிவில் அவாவுதலும் மறு பிரிவில் திரிதலும் அளவையாயின. இரண்டு இலக்கணங்களை ஒரு நூலில் வைத்தால் மாணாக்கன் மயங்குவான். இரண்டு அளவைகளை ஒரு சட்டத்தில் வைத்தால் அலுவலர் மயங்குவர். அம்மயக்கத்தின் விலையைத் தருவார் விண்ணப்பித்தவர்.

சொல் ஒன்றே வழக்காகியதும் உண்டு. தூத்துக்குடியில் நிகழ்ந்த ஒரு திருமணத்தைப் பதிவுசெய்ய அலுவலர் மறுத்தனர், மணமகள் திருநங்கை. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்னுஞ்சொல் நிலைத்து இறுகிய பொருளுடையதன்று, அது திருநங்கையையும் தழுவும் எனத் தீர்த்தார். இடைப்பாலினக் குழந்தைகட்கு உயிர்க்கேடு நேரும் நிலையிலன்றி உடல்மாற்று அறுவை செய்தல் ஆகாது என்னும் தடை தமிழ்நாட்டில் வருதற்கும் அத்தீர்ப்பே வழி செய்தது. 2021 சூன் 7 அன்று நீதியரசர் ந. ஆனந்த் வெங்கடேசு மற்றொரு வழக்கிற் பிறப்பித்த ஆணையின் தொடர்ச்சியாக, இவ்வகை மக்களைச் சுட்டும் மதிப்புடைய சொற்களின் தொகுதியொன்றை 2022 ஆகத்துத் திங்களில் மாநில அரசு அரசிதழில் வெளியிட்டது. சொல்லாக்கம் நீதியின் ஒரு பகுதியாயிற்று.

இதற்கு மறுதலையும் உண்டு. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 16 அன்று, அந்நாட்டின் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது உயிரியற் பாலையே குறிக்கும் எனத் தீர்த்தது. ஆயினும் பால் மாறியோர்க்கு அச்சட்டம் பாகுபாட்டினின்று தரும் காப்பு நீங்காது எனவும் அத்தீர்ப்புக் கூறிற்று. சொற்பொருளில் இரு மன்றங்களும் எதிர்த்திசையிற் சென்றன. எனினும் திணையை இரண்டும் மறுத்தில. பாலைப் பற்றி மாறுபடுவார் திணையை மறுக்கவேண்டுவது இல்லை என்பதற்கு இதுவே சான்று.

6. பங்கீடு என்னும் மூன்றாம் வினா

திணையும் பாலும் தெளிந்த பின்னரும் ஒரு வினா எஞ்சும். அது பங்கீடு. கல்வியில், வேலையில், விடுதியில், சிறையில், விளையாட்டில் யார்க்கு எவ்விடம் என்பது.

2011 மக்கட்கணக்கில் ஆண், பெண் அல்லாத குறியீட்டின்கீழ் இந்தியாவில் 4,87,803 பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் எண்ணப்பட்டனர். தம்மை ஆண் என்றோ பெண் என்றோ எழுதுவித்த திருநரும், வெளிப்பட அஞ்சியோரும் இத்தொகையுள் அடங்கார். இவர்கட்கு வேலைவாய்ப்பின் கதவு எவ்வாறு இருந்தது என்பதற்குப் பிரித்திகா யாசினியின் வழக்குச் சான்று. காவல்துறைத் தேர்வு விண்ணப்பத்தில் அவருக்குரிய கட்டம் இல்லை. 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழி திறந்த பின்னரே அவர் சார்பு ஆய்வாளர் ஆனார்.

அதே 2015 இல் மாநில அரசு திருநரை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிற் சேர்த்தது. நோக்கம் நன்று, வகைப்பாடு வழு. திருநர் எல்லாச் சாதியிலும் பிறக்கின்றனர். பாலின அடையாளத்தைச் சாதியின் இடத்தில் வைத்தால், பட்டியல் சாதியிற் பிறந்த திருநங்கை இரண்டனுள் ஒன்றை இழக்க நேரும். முன்னமே மிகப் பிற்படுத்தப்பட்டோராய் உள்ளார்க்கு அதனாற் புதுப்பயன் ஒன்றுமில்லை. 2024 சூனில் சென்னை உயர் நீதிமன்றம், பாலின அடையாளத்தைச் சாதியாக நடத்துதல் ஆகாது எனக் கூறி அவ்வாணையை நீக்கி, எல்லாப் பிரிவினுள்ளும் ஊடு செல்லும் கிடைமட்ட ஒதுக்கீடு வழங்கப் பணித்தது. கருநாடகம் 2021 இலேயே அரசுப்பணியில் அவ்வகையில் 1 விழுக்காடு ஒதுக்கியது. பால் என்பது திணைக்குள் குறுக்கே செல்லும் பகுப்பு; அதனை வேறொரு திணையாக்குதல் வழு. ஒதுக்கீட்டில் நேர்ந்ததும் இவ்வழுவே.

7. மாறுகோள் கூறுவார்

தாமே துணிதல் என்றால் யாரும் எதனையும் கூறலாமன்றோ, மகளிர்க்கென அரிதிற் பெற்ற இடங்கள் என்னாகும் என வினவுவார் உளர். இவ்வினாவை எழுப்புவார் அனைவரும் பகைவர் அல்லர். மகளிர் ஒதுக்கீடும் மகளிர் விடுதியும் நெடும்போராட்டத்தின் பயன். அவற்றைக் காக்க எண்ணுவார்க்கு விடை கூறுதல் கடன்.

யாம் கூறும் விடை இது. இவ்வினா பங்கீடு பற்றியது. ஆதலின் இடந்தோறும் செய்திதோறும் சான்று கண்டு தீர்க்க வேண்டும். விளையாட்டிற்கு ஏற்ற அளவை விடுதிக்குப் பொருந்தாது. விடுதிக்கு ஏற்றது வாக்காளர் பட்டியலுக்கு வேண்டா. விளையாட்டிலேயும் உடற்சோதனை என்பது நினைப்பதுபோல் எளிய தீர்வன்று. புதுக்கோட்டை மாவட்டத்து ஓட்டக்காரர் சாந்தி சௌந்தரராசன் 2006 இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி பெற்றார். பாற்சோதனைக்குப் பின் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் பால் மாறியவர் அல்லர். பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். பெண்ணைக் காக்க வந்த சோதனை ஒரு பெண்ணின் பெண்மையையே ஊரறிய வினவிற்று. இதனால் விளையாட்டில் அளவையே வேண்டா என்பது எம் கருத்தன்று. எவ்வளவை வகுப்பினும், அதன் கீழ்ப்படும் ஒருவரின் மதிப்பை அழியாது செய்யும் முறை உடன் வகுக்கப்படுதல் வேண்டும் என்பதே.

பங்கீட்டு வினாவை எழுப்புவோர் அதனைத் திணை வினாவாக்காது நிற்றல் அவர்தம் கடன். அவ்வாறே, பங்கீடு பற்றி ஐயுறுவாரையெல்லாம் திணை மறுப்பார் எனத் தள்ளாமை மறுதிறத்தார் கடன். இவ்விரு கடனும் ஒழிந்தவிடத்தே வழக்குப் பூசலாகின்றது.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. திணை வினா முடிந்த வினா. அது வாக்கெடுப்பிற்கும் சோதனைக்கும் உரியதன்று. பால் வினாவில் முதற்சான்று அவாவுவார் கூற்று. அலுவலர் சான்று அதனைப் பதிவு செய்யலாம், படைத்தல் ஆகாது. பங்கீட்டு வினா திறந்த வினா; அது பொதுவில் ஆராயத்தக்கது. தமிழ்நாட்டு அரசு 2025 இல் திருநர்க்கென வெளியிட்ட மாநிலக் கொள்கையையும், இனி வருவனவற்றையும் இம்மூன்றையும் பிரித்துவைத்து ஆராய்வார்க்கு அவற்றின் நிறையும் குறையும் எளிதிற் புலனாகும்.

தமிழ்த்துறையினராகிய நமக்கு எஞ்சும் பணி சிறிது. ஆயின் பிறர் செய்யமாட்டாதது. நன்னூல் 264 ஆம் நூற்பாவைப் பாடத்தினின்று நீக்க வேண்டுவதில்லை. விரைந்து கடக்கவும் வேண்டுவதில்லை. முதலிரண்டு விதிகளையும் அவற்றின் பெருமை தோன்ற விளக்குக. மூன்றாம் விதியைக் குடிமை, ஆண்மை நூற்பாவோடு இயைத்து, அது சொல்முடிபு பற்றியது, மாந்தர் மதிப்புப் பற்றியது அன்று என உரைக்க. பேடி என்னுஞ்சொல் வருமிடத்து, அன்று அச்சொல் நின்ற நிலையும் இன்று அது சென்று தைக்கும் இடமும் இரண்டையும் கூறுக. வினாத்தாளில் அஃறிணை முடிபுக்கு எடுத்துக்காட்டுக் கேட்குமிடத்து அரசும் குழவியும் விருந்தும் போதும். வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவர் தம் பெயரை மாற்றி எழுதுமாறு வேண்டின், அப்பெயரால் அழைத்தற்கு மாவட்ட ஆட்சியர் சான்று வரும்வரை ஆசிரியர் காத்திருக்க வேண்டுவதில்லை. மக்கட்சுட்டு என்பது சுட்டுவார் செயல். அதனைச் செய்தற்கு நமக்குத் தடை ஒன்றும் இல்லை.